துடிக்கிறதா, அலைகிறதா, மிதக்கிறதா? வேகத்தில் நிலைகுலையும் பழைய எம்எக்ஸ்-5

"நூற்றுப்பத்துக்கு மேலே ஸ்டியரிங் ஆடுது" என்று சொல்லி வண்டியை நேராக அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும்) கடையில் கொண்டுபோய் விடுகிறவர்கள்தான் அதிகம். ஆட்டத்தில் நான்கு வகை உண்டு. அலைன்மென்ட் தீர்த்துவைப்பது அதில் ஒன்றரை வகையை. மீதிக்குக் கொடுக்கிற காசு தண்டம். அதைவிட மோசம், அலைன்மென்ட் முடித்த பிறகு பால் ஜாயின்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு) தேய்ந்திருப்பது தெரிந்து அதை மாற்றினால் அந்த அலைன்மென்டும் போச்சு. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எடுத்துக்கொள்ளும் வண்டி மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் முதல் தலைமுறை. 1989-இல் அறிமுகமானது, ரசிகர்கள் 'என்ஏ' என்று சொல்வது. ஓட்டும் இடம் ஜெர்மன் விரைவுச்சாலையான ஆட்டோபான். எடை ஆயிரம் கிலோவுக்குக் கீழே, வீல்பேஸ் (முன் பின் அச்சுகளின் இடைவெளி) 2265 மி.மீ., நான்கு மூலையிலும் இரட்டை விஷ்போன் (சக்கரத்தைப் பிடிக்கும் மேல்கை, கீழ்க்கை), 185/60 ஆர்14 டயர். குட்டையான, இலேசான வண்டி என்பதால் பெரிய செடான் விழுங்கிவிடுகிற குறையைக்கூட இது ஓட்டுகிறவர் கைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடும். சோதிக்கிறவருக்கு இது வசதிதான்.

முதலில் குறைக்குச் சரியான பெயர் வைக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் தொடங்கி, அதைத் தாண்டினால் அடங்கிவிடுவது துடிப்பு. நேர்ச்சாலையிலேயே இரண்டு விநாடிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் அது அலைச்சல். கையைத் தளர்த்தினால் எப்போதும் ஒரே பக்கம் போவது இழுப்பு. வேகம் ஏற ஏற ஸ்டியரிங்கில் கனம் குறைந்து, பக்கக் காற்று அடித்தால் வண்டி அரை லேன் நகர்வது மிதப்பு. இந்த நான்கும் ஒன்றோடொன்று கலந்தும் வரும். ஆனாலும் எது முன்னால் நிற்கிறது என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது.

சோதனை ஓட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலைதான் நல்லது. ஜெர்மனியில் அன்று கனரக லாரிகளுக்குத் தடை. வலது லேன் காலியாக இருக்கும். அந்த லேனில் லாரிச் சக்கரங்கள் அழுத்தி உண்டாக்கிய தடங்களும் இருக்கும், அதுவும் சோதனைக்குப் பயன்படும். தடம் உள்ள லேனில் மட்டும் வண்டி அலைந்து, நடு லேனில் அம்பு மாதிரி ஓடினால் அது பெரும்பாலும் டயர் அகலத்தின் சேட்டை. 205/50 ஆர்15 போட்ட வண்டிகளில் இது சகஜம். அகலமான டயரின் தோள்பட்டை தடத்தின் விளிம்பில் ஏறப் பார்க்கும். புதுசாகப் போட்ட குளிர்கால டயரும் அலையும். எட்டு மில்லிமீட்டர் ஆழமுள்ள மெத்தென்ற கட்டைகள் ரோட்டின்மேல் வளைந்து கொடுக்கின்றன, அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் சஸ்பென்ஷனைப் பிரித்துப் பார்ப்பது வீண் வேலை.

கிளம்புவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று பாருங்கள். இந்த வண்டியின் ஸ்டிக்கரில் இருப்பது 26 பிஎஸ்ஐ. பெட்ரோல் பங்க்கில் பழக்க தோஷத்தில் 34 அடித்துவிட்டு, வண்டி படபடக்கிறது என்று வருவது அடிக்கடி நடப்பது. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அவரைக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். வேகத்தை மீட்டரில் பார்க்காமல் போனின் ஜிபிஎஸ்ஸில் பாருங்கள். மீட்டர் கூட்டித்தான் காட்டும். 100, 110, 120, 130 என ஒவ்வொரு வேகத்திலும் ஒரு நிமிடம் சீராக ஓட்டுங்கள். துடிப்பு வரும் வேகத்தைக் கொஞ்சம் தாண்டிப் போய் நியூட்ரலில் போட்டு உருளவிடுங்கள். அப்போதும் துடித்தால் எஞ்சினுக்குச் சம்பந்தமில்லை. பிறகு அதே வேகத்தில் பிரேக்கை இலேசாகத் தொடுங்கள். தொட்டால் மட்டும் துடிப்பது வேறு நோய், அதற்குப் பின்னால் வருவோம்.

துடிப்பின் மூலத்தைப் பிடிக்க ஆகென் பல்கலைக்கழகத்தின் ஃபைபாக்ஸ் செயலி போதும், இலவசம். அதில் முடுக்க அலைமாலையை (Acceleration Spectrum) திறந்து, போனை சீட் தண்டவாளத்தின் மேலோ டேஷ்போர்டிலோ இறுக ஒட்டிவிட்டால் எந்த அதிர்வெண்ணில் துடிக்கிறது என்று காட்டும். கணக்கு எளிது. 185/60 ஆர்14 டயர் ஒரு சுற்றுக்கு சுமார் 1.77 மீட்டர் போகும். 110 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 30.5 மீட்டர், சக்கரம் விநாடிக்கு ஏறத்தாழ 17 சுற்று. எனவே 17 ஹெர்ட்ஸில் வரைபடத்தின் உச்சம் நின்றால் சக்கரத்தில் ஒரு சுற்றுக்கு ஒருமுறை ஏதோ நடக்கிறது: எடைச் சமன் இல்லை, ரிம் கோணல், அல்லது டயர் உட்கார்ந்தது சரியில்லை. 34-இல் நின்றால் ஒரு சுற்றுக்கு இரண்டுமுறை, அதாவது டயர் நீள்வட்டமாகியிருக்கிறது. 1.6 லிட்டர் வண்டியின் டிஃபரன்ஷியல் 4.3 விகிதம், ஆகவே புரொப்பெல்லர் ஷாஃப்ட் (பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) அதே வேகத்தில் 73 ஹெர்ட்ஸில் சுற்றும். அது கையில் ஆட்டமாகத் தெரியாது, உட்காருமிடத்தில் ரீங்காரமாகத்தான் வரும். ஒரு எச்சரிக்கை: விநாடிக்கு நூறு அளவு மட்டுமே எடுக்கும் போனில் அந்த 73, 27 என்று பொய்யாகத் தெரியும். அளவெடுக்கும் வேகத்தைச் செயலியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இருபது கிராம் என்ன செய்துவிடும் என்று கேட்பார்கள். ரிம் விளிம்பில், மையத்திலிருந்து 18 செ.மீ. தள்ளி 20 கிராம் கூடுதலாக இருந்தால் 110-இல் அது சக்கரத்தை நான்கு கிலோ விசையால் வெளியே இழுக்கும். விநாடிக்கு 17 முறை திசை மாற்றி மாற்றி. 180-இல் அதுவே பதினோரு கிலோ. அப்படியானால் 130-இல் துடிப்பு ஏன் அடங்குகிறது? ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும் சேர்ந்த அமைப்புக்கு இயல்பான ஓர் அதிர்வெண் உண்டு. தள்ளும் விசை அதோடு ஒத்துப்போகும் வேகத்தில்தான் ஊஞ்சல் மாதிரி ஏறும். தாண்டிவிட்டால் கைக்குத் தெரியாது. விசை மட்டும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, பேரிங்கைத் தின்றுகொண்டு.

ஆக, துடிப்பு என்றால் சக்கரம். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு டயரையும் உள்ளங்கையால் சுற்றித் தடவிப் பாருங்கள். பக்கச் சுவரிலோ ட்ரெட்டிலோ ஓரிடத்தில் புடைப்பு தட்டுப்பட்டால் உள்ளே பெல்ட் பிரிந்திருக்கிறது. அந்த டயரில் சோதனை ஓட்டம்கூட வேண்டாம், அப்படியே கழற்றி வீசுங்கள். டயரின் பக்கச் சுவரில் உள்ள டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2315 என்றால் 2015-இன் 23-ஆம் வாரம். குளிர்காலம் முழுவதும் கராஜில் நின்ற வண்டியில் ட்ரெட் எட்டு மி.மீ. மிச்சமிருக்கும், ரப்பர் மட்டும் கல்லாகியிருக்கும். தரையைத் தொட்டுக்கொண்டிருந்த இடம் தட்டையாகியும் இருக்கும். இருபது கி.மீ. ஓடிச் சூடேறியதும் துடிப்பு குறைந்தால் அதுதான் காரணம்.

அடுத்தது ரிம்மின் நடுத்துளை. எம்எக்ஸ்-5 ஹப்பின் விட்டம் 54.1 மி.மீ. வெளியில் வாங்கும் ரிம்களின் துளை பெரும்பாலும் இதைவிடப் பெரிது. இடைவெளியை அடைக்க ஒரு பிளாஸ்டிக் வளையம் வரும். அது உடைந்தோ, கடைக்காரர் கழற்றிய ரிம்மோடு குப்பைக்குப் போயோ இருக்கும். வளையம் இல்லாமலும் நட்டின் கூம்பு சக்கரத்தை நடுவில் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் சக்கரம் தரையில் எடையோடு நிற்கும்போது நியூமேட்டிக் கன்னால் ஒரேயடியாக முறுக்கினால் அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்துவிடும். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே எதிரெதிர் நட்டுகளாகக் கையால் இறுக்கி, ஆட்டி உட்காரவைத்து, பிறகு இறக்கி டார்க் ரெஞ்சில் சுமார் 100 நியூட்டன் மீட்டர். எத்தனையோ வண்டியின் துடிப்பு இந்தப் பத்து நிமிட வேலையிலேயே நின்றுவிடும். காசு வாங்கவே கூச்சமாக இருக்கும்.

பேலன்சிங் கடையில் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். மெஷின் பூஜ்யம் காட்டினால் உண்மையில் பூஜ்யம் என்று அர்த்தமில்லை. ஐந்து கிராமுக்குக் கீழே உள்ளதைப் பூஜ்யமாக்கும் அமைப்பு இருக்கும். அதை அணைத்து ஒரு கிராம் வரை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, பேலன்ஸ் செய்த சக்கரத்தைக் கழற்றி அரைச் சுற்று திருப்பி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். இப்போது பதினைந்து கிராம் காட்டினால் மெஷினின் கூம்பிலேயே சக்கரம் சரியாக உட்காரவில்லை. முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

ரிம் கோணலைக் கண்டுபிடிக்க டயல் கேஜ் இல்லாவிட்டால் ஒரு செங்கல்லில் கம்பியைக் கட்டி, அதன் முனையை ரிம் விளிம்புக்கு ஒரு மி.மீ. தள்ளி வைத்துச் சுற்றுங்கள். கண்ணுக்கே தெரியும். ஒரு மி.மீ.க்கு மேல் ஏறி இறங்கினால் அந்த ரிம்மைப் பின்னால் போடலாம், முன்னால் வேண்டாம். முன் பின் சக்கரத்தை மாற்றிப் போட்டுப் பார்ப்பதே நல்ல சோதனை: துடிப்பு கையிலிருந்து சீட்டுக்கு இடம்பெயர்ந்தால் குற்றவாளி சக்கரம்தான். திசை அம்பு உள்ள டயரை அதே பக்கத்துக்குள் மட்டும் மாற்றுங்கள்.

பிரேக் தொட்டால் மட்டும் துடித்தால் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். டிஸ்க் அவ்வளவு எளிதில் வளைவதில்லை. ஹப் முகத்தில் துருவோடு டிஸ்க்கை மாட்டினால் அது கொஞ்சம் கோணலாகச் சுற்றும்; சில ஆயிரம் கி.மீ. ஓடியதும் பேட் ஒரே இடத்தில் உரசி உரசி அங்கே மெலிந்துவிடும். கனத்தில் நூறில் இரண்டு மி.மீ. வித்தியாசம் வந்தாலே கையில் தெரியும். புது டிஸ்க் போடும்போது ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்க்காவிட்டால் ஆறு மாதத்தில் அதே புகார் திரும்ப வரும்.

இனி அலைச்சல். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, சக்கரத்தை 9 மணி, 3 மணி நிலையில் பிடித்து ஆட்டினால் டை ராடும் (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) ரேக்கும் (ஸ்டியரிங்கின் பல்தண்டு) பேசும்; 12, 6 நிலையில் பால் ஜாயின்டும் பேரிங்கும் பேசும். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். இந்த வண்டியில் அது மூடிய யூனிட். நட்டை இறுக்கிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். மிதித்தும் ஆடினால் பால் ஜாயின்ட். ஸ்பிரிங் கீழ்க்கையில் உட்காருவதால் கீழ் பால் ஜாயின்ட்தான் வண்டியின் எடையைத் தாங்குகிறது. ஆகவே ஜாக்கியைக் கீழ்க்கைக்கு அடியில் கொடுத்து, அந்தச் சுமையை எடுத்துவிட்டு, டயருக்கு அடியில் கடப்பாரை வைத்து நெம்பினால்தான் உண்மை தெரியும். டை ராடின் உள்முனையை ரேக்கின் ரப்பர் உறையின்மேல் விரல் வைத்துப் பாருங்கள்; இன்னொருவர் ஸ்டியரிங்கை இடம் வலமாகச் சின்னதாக ஆட்டும்போது 'டக்' என்று விரலில் தட்டும்.

ஆட்டம் எதுவும் இல்லாமலேயே அலையும் வண்டிகள்தான் மண்டையைக் காயவைப்பவை. அங்கே பார்க்க வேண்டியது இறுக்கம். சக்கரம் தூக்கியபடியே ஸ்டியரிங்கை இரண்டு விரலால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்புங்கள். நடுவில் எங்காவது சிக்கினால், திருப்பிய இடத்திலேயே வண்டி நிற்கப் பார்க்கும். நேராகத் தானே திரும்பாது. ஓட்டுகிறவர் அதைத் திருத்துவார், கொஞ்சம் கூடிப்போகும், மறுபடி திருத்துவார். இதுவும் அலைச்சல்தான். காரணம் ஸ்டியரிங் தண்டின் துருப்பிடித்த யுனிவர்சல் ஜாயின்ட்டாக இருக்கலாம். ரேக்கில் ப்ளே இருக்கிறது என்று யாரோ அதன் அழுத்தத் திருகை முறுக்கிவிட்டதும் காரணமாகலாம். அந்தத் திருகை முறுக்கி 'டைட்' பண்ணுவது பலருக்குப் பிடித்த வைத்தியம். அதிலிருந்து வரும் நோய் இது.

புஷ் (கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) மாற்றியவர்கள் செய்யும் ஒரு தப்பு உண்டு. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே சஸ்பென்ஷன் கைகளின் போல்ட்டை இறுக்கிவிடுவார்கள். ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். வண்டி உயரம் அதிகமாகத் தெரியும், ஒரு வருடத்தில் ரப்பர் கிழியும், இடம் வலம் ஒரே மாதிரி நடக்காது. போல்ட்டைக் கையால் மட்டும் மாட்டி, நான்கு சக்கரத்தையும் ராம்ப்பில் நிறுத்தி, சஸ்பென்ஷன் தன் உயரத்தில் உட்கார்ந்த பிறகு இறுக்குவதே முறை.

இதெல்லாம் சரியான பிறகுதான் அலைன்மென்ட். இங்கேதான் என்ஏ தன் குணத்தைக் காட்டும். கீழ்க்கைகளில் மொத்தம் எட்டு எக்சென்ட்ரிக் (மையம் விலகிய, திருப்பினால் கையை நகர்த்தும்) போல்ட்டுகள். முன்னால் நான்கு கேம்பருக்கும் காஸ்டருக்கும், பின்னால் நான்கு கேம்பருக்கும் டோவுக்கும். கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம்; காஸ்டர், பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் அச்சு சாயும் கோணம்; டோ, மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. ஜெர்மனியில் குளிர்காலம்தோறும் ரோட்டில் உப்பு தூவுகிறார்கள். முப்பது வருட உப்பில் போல்ட்டும் புஷ்ஷின் உள்குழாயும் ஒரே இரும்பாகிவிடும். நட்டைத் தளர்த்தி போல்ட்டைத் திருப்பினால் புஷ்ஷே சேர்ந்து முறுக்கும். விட்டால் பழைய இடத்துக்கே போய்விடும். கடைக்காரர் அசைகிற ஒரே பொருளான முன் டை ராடை மட்டும் திருப்பி, முன் டோவைப் பச்சைக்கு (வரம்புக்குள்) கொண்டுவந்து, அச்சடித்த தாளைக் கையில் கொடுப்பார். பின்பக்கம் சிவப்பாகவே இருக்கும். தாளை வாங்கியதும் முதலில் பின் டோவைப் பாருங்கள். வேலைக்கு முந்தைய அளவும் பிந்தைய அளவும் பின்பக்கத்தில் இம்மி பிசகாமல் ஒன்றாகவே இருந்தால் யாரும் அதைத் தொடவில்லை.

வேகத்தில் உயிரை எடுப்பது பின் டோதான். பின் சக்கரங்களின் முன்விளிம்பு வெளியே பார்த்தால், லேன் மாறும்போது வண்டியின் பின்பாகம் தானாகத் திசை திரும்பும். ஓட்டுகிறவருக்கு அது ஸ்டியரிங் குறையாகத்தான் படும். ஆகவே முன்னால் தேடிக்கொண்டே இருப்பார். சிக்கிய போல்ட்டுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் துரு நீக்கி அடியுங்கள். சூடு காட்டினால் ரப்பர் எரியும். எரிந்தாலும் பரவாயில்லை என்றால் மட்டும் காட்டுங்கள். அசையாவிட்டால் கையும் பிராக்கெட்டும் சேரும் இடைவெளியில் ரெசிப்ரோகேட்டிங் ரம்பத்தை விட்டு இரண்டு பக்கமும் அறுக்க வேண்டியதுதான். அறுக்கும் முன் புதுப் போல்ட், கேம் தட்டு, புஷ் எல்லாம் கையில் இருக்கட்டும். புதியதை மாட்டும்போது போல்ட் தண்டு முழுக்கச் செம்பு கிரீஸ் பூசுங்கள்.

அளவு எடுக்க லேசர் மெஷின் இல்லாமலும் முடியும். வண்டியின் இரு பக்கமும் ஹப் உயரத்தில் மீன்பிடி நரம்பைக் கட்டி, இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாகவும் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்திலும் வருமாறு நிறுத்துங்கள். என்ஏ-வின் பின் டிராக் (இடம் வலம் சக்கரங்களின் இடைவெளி) முன்னைவிட சுமார் 20 மி.மீ. அகலம். ஆகவே நரம்பு முன் ஹப்பைவிடப் பின் ஹப்புக்கு 10 மி.மீ. நெருக்கமாக இருக்க வேண்டும். இதை மறந்து நான்கையும் சமமாக வைத்தால் எல்லா அளவும் பொய். ரிம்மின் முன்விளிம்பிலிருந்து நரம்புக்கும், பின்விளிம்பிலிருந்து நரம்புக்கும் இரும்பு ஸ்கேலால் அளந்து கழித்தால் டோ. 14 அங்குல ரிம்மில் ஒரு மி.மீ. என்பது ஏறத்தாழ 0.15 டிகிரி. ஓட்டுகிறவர் எடைக்கு ஈடாக சீட்டில் மணல் மூட்டை, அரை டேங்க் பெட்ரோல். ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே இரண்டு வழவழப்பான தரைத் தட்டுகள், நடுவே கிரீஸ். இல்லாவிட்டால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு அளவைக் கெடுக்கும்.

பின்பக்கம் முதலில், முன்பக்கம் பிறகு. பின் கேம்பர் -1.3 முதல் -1.5, பின் டோ மொத்தம் 2 முதல் 3 மி.மீ. உள்ளே. முன் காஸ்டர் 5 டிகிரி அளவில், இடம் வலம் வித்தியாசம் அரை டிகிரிக்குள். அதற்கு மேல் போனால் குறைந்த பக்கம் இழுக்கும். முன் கேம்பர் -0.8 முதல் -1, முன் டோ மொத்தம் பூஜ்யம் முதல் ஒரு மி.மீ. உள்ளே. பந்தய டிராக்கில் வளைவுக்குள் சட்டென்று திரும்ப வேண்டுமென்று முன் டோவை வெளியே வைப்பவர்கள், அதே வண்டியில் வீட்டுக்கு 160-இல் போகும்போது அலைகிறது என்று புகார் சொல்லக்கூடாது. ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்திய வண்டியில் டை ராடின் கோணமும் கீழ்க்கையின் கோணமும் ஒத்துப்போகாமல், மேடு பள்ளத்தில் டோ தானாக மாறும். அதை நின்ற இடத்து அலைன்மென்ட் காட்டாது. சஸ்பென்ஷனை 20 மி.மீ. அமுக்கி மறுபடி அளந்தால் தெரியும்.

மிதப்பு மட்டும் மிச்சம் என்றால் காற்றைப் பாருங்கள். தூக்கும் விசை வேகத்தின் இருமடியில் ஏறும். நூறில் இருந்ததைப்போல் நான்கு மடங்கு இருநூறில். பெரிய கம்பெனிகளே இதில் பாடம் படித்திருக்கின்றன. 1960-களின் ஆரம்பகால போர்ஷே 911-இல் முன் பம்பரின் இரு முனையிலும் 11 கிலோ வார்ப்பிரும்பு வைத்து மூக்கை அமுக்கினார்கள்; 1969 மாடலில் வீல்பேஸை 2211-இலிருந்து 2268 மி.மீ. ஆக நீட்டினார்கள். ஆட்டோபான் விபத்துகளுக்குப் பிறகு முதல் தலைமுறை ஆடி டிடி-யைத் திரும்ப அழைத்துப் பின்னால் ஒரு சின்ன ஸ்பாய்லரும் ஈஎஸ்பியும் (வண்டி சறுக்காமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) கொடுத்து, சஸ்பென்ஷனையும் மாற்றினார்கள். எம்எக்ஸ்-5-இல் பார்க்க வேண்டியது அதைவிடச் சாதாரணம்: மூக்குக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. ஆயில் மாற்றும்போது கழற்றி, திரும்ப மாட்டச் சோம்பல்பட்டு மூலையில் போட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் மூக்குக்கு அடியில் காற்று புகுந்து முட்டும். எஞ்சின் சூடும் ஏறும். அடுத்தது உயரம். பின் ஸ்பிரிங் தொய்ந்து, டிக்கியில் சாமானும் ஏறினால் மூக்கு நிமிர்ந்துவிடும், காஸ்டர் இருந்தும் முன் டயரில் எடை இருக்காது.

வேலை முடிந்ததும் எட்டு கேம் தட்டுகளிலும் தட்டையும் பிராக்கெட்டையும் சேர்த்து வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நூறு கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டுகளை மறுபடி டார்க் பார்க்கும்போது டார்ச் அடித்து அந்தக் கோடுகளையும் பாருங்கள். எந்தத் தட்டில் கோடு விலகியிருக்கிறதோ அந்த நட்டு இறுகவில்லை. அந்தச் சக்கரத்தை மட்டும் மறுபடி நரம்பு கட்டி அளக்க வேண்டும்.